உங்கள் மூச்சிலும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, தெரியுமா?

இதைப் படித்துக்கொண்டே நீங்கள் வெளிவிடுகிற மூச்சில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, தெரியுமா? வண்டிப் புகையைச் சொல்லவில்லை. சென்னை மந்தைவெளியில் மெட்ரோ வேலை நடக்கிற ஆர்.கே. மடம் சாலையில் ஆட்டோவும் பஸ்ஸும் ஊர்ந்து போகும்போது மூக்கில் ஏறுகிறதே, அது வேறு கணக்கு. புகையே இல்லாத பொதிகை மலை உச்சியில் போய் நின்றாலும் உங்கள் மூச்சில் இந்த வாயு இருக்கும். தயாரிப்பது உங்கள் உடம்பேதான்! ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிலிட்டர். 1949-ல் ஸ்வீடனின் டோர்க்னி ஷோஸ்ட்ராண்ட் இதைக் கண்டுபிடித்தார்.

எங்கிருந்து வருகிறது? ரத்தத்திலிருந்து! ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஒவ்வொரு வினாடியும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து உடைகின்றன. அவற்றுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஹீம் என்றொரு பொருள் உண்டு. அது ஒரு வளையம். நடுவில் ஓர் இரும்பு அணு. ரத்தத்துக்குச் சிவப்பு கொடுப்பதும் ஆக்சிஜனைப் பிடித்துவைப்பதும் இதுதான். பழைய ஹீமை உடைக்க ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி இருக்கிறது. 1968-ல் டென்ஹுனென், மார்வர், ஷ்மிட் என்ற மூவர் இதை அடையாளம் காட்டினார்கள். இந்த நொதி வளையத்தை ஓரிடத்தில் வெட்டும். வெட்டியதும் மூன்று பொருள்கள் கிடைக்கும்: இரும்பு, பிலிவெர்டின் என்ற பச்சைச் சாயம், ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு.

கட்டில் காலில் இடித்துக்கொண்ட முழங்காலைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் நாள் கருநீலமாகக் கன்றிப்போகும். பிறகு பச்சை பூக்கும். அப்புறம் மஞ்சளாகி மறையும். அந்தப் பச்சைதான் பிலிவெர்டின். அதிலிருந்து வருகிற மஞ்சள் பிலிருபின். அந்த நிறமாற்றம் நடக்கிறபோதெல்லாம் வளையத்துக்கு ஒன்று வீதம் கார்பன் மோனாக்சைடும் பிறந்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக வெளியேறுகிறது!

இனிமேல்தான் பெரிய ஆச்சரியம். இதே வளையம் நடுவில் இரும்பு இல்லாமல் நின்றுபோனால், வெளிச்சம் பட்டதும் தோல் எரியும்!

ஹீமைக் கட்டி முடிக்க உடம்பில் 8 நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. எட்டாவது நொதியின் பெயர் ஃபெரோகெலடேஸ். வளையத்துக்குள் இரும்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. பிறவியிலேயே இந்த நொதி போதாமல் இருப்பவர்களின் ரத்தத்தில், இரும்பில்லாத வளையங்கள் தேங்கிவிடுகின்றன. அதற்குப் புரோட்டோபோர்ஃபிரின் என்று பெயர். 400 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஊதா வெளிச்சத்தை அது அப்படியே உறிஞ்சுகிறது. உறிஞ்சிய சக்தியைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது. சக்தி ஏறிய ஆக்சிஜன் அங்கேயே திசுவைத் தாக்குகிறது. வெயிலில் நின்ற சில நிமிடங்களில் கையும் முகமும் தாங்க முடியாமல் எரியும். 1961-ல் லண்டனில் மேக்னஸ் குழுவினர் இந்த நோயை விவரித்து எழுதினார்கள். எட்டு நொதிகளில் எது தடுமாறினாலும் ஒவ்வொரு விதமான நோய் வருகிறது. அந்தக் குடும்பத்துக்கே போர்ஃபிரியா என்று பெயர்.

இதில் என்னை மிகவும் வருத்துகிற விஷயம் ஒன்று உண்டு. எரிச்சல் உச்சத்தில் இருக்கும்போதுகூட தோலில் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. குழந்தை அலறும், பச்சைத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு எடுக்க மறுக்கும், பி.டி. வகுப்பு என்றால் அழும். பார்ப்பவர்கள் "நடிக்கிறான்" என்பார்கள். நடிப்பே இல்லை! மேல்நாட்டில் இந்த நோயை ரத்தக்காட்டேரிக் கதைகளோடு முடிச்சுப்போட்டுப் பரபரப்பாக எழுதினார்கள். வலியில் துடிக்கிற மனிதர்களைப் பேயாக்குகிற அந்தக் கதை நமக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குள் இருந்தால் தப்பிக்கலாமா? அதுதான் இல்லை! சாதாரண வெயிலில் தோல் கன்றுவதற்குக் காரணம் புற ஊதா பி கதிர். ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். போர்ஃபிரினை உசுப்புகிற ஊதா வெளிச்சமோ கண்ணாடியைத் தாண்டி வருகிறது. கார் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே போதும். கடையில் வாங்கும் சாதாரண சன்ஸ்கிரீனும் கைகொடுக்காது, ஏனென்றால் அது புற ஊதாக் கதிருக்காகச் செய்தது. நிறம் கலந்த, இரும்பு ஆக்சைடு சேர்ந்த பூச்சுகள்தான் கொஞ்சமாவது தடுக்கும். அஃபமெலனோடைடு என்ற மருந்தைத் தோலுக்கு அடியில் வைத்தால் தோலின் கருமை கூடி, வெயிலைத் தாங்கும் நேரம் நீள்கிறது. 2014-ல் ஐரோப்பாவும் 2019-ல் அமெரிக்காவும் அதற்கு அனுமதி கொடுத்தன.

இந்தப் போர்ஃபிரினைக் கண்ணால் பார்க்க ஆசையா? மந்தைவெளி மார்க்கெட் பக்கம் எந்த மளிகைக் கடையிலும் பார்க்கலாம்! கள்ளநோட்டு கண்டுபிடிக்க வைத்திருக்கும் ஊதா விளக்கு ஒன்று போதும். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கித் தர, ஒரு வெள்ளை முட்டையையும் ஒரு பழுப்பு நாட்டுக்கோழி முட்டையையும் அந்த விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். வெள்ளை முட்டை வெளிறி நின்றது. பழுப்பு முட்டை இளஞ்சிவப்பாய்த் தணல் மாதிரி ஒளிர்ந்தது! "என்ன சார், உள்ளே பல்பு போட்டாப்ல இருக்கு" என்றார் கடைக்காரர். பழுப்பு ஓட்டின் சாயமே புரோட்டோபோர்ஃபிரின்தான். ஃபெரோகெலடேஸ் போதாதவர்களின் ரத்தத்தில் தேங்குகிற அதே பொருள்!

போர்ஃபிரியாவில் மிகக் கடுமையான வகை ஒன்றில் குழந்தையின் பல்லே செந்நிறமாக முளைக்கும், சிறுநீர் சிவப்பாக வரும். 1911-ல் ஜெர்மனியின் ஹான்ஸ் குந்தர் அதை வகைப்படுத்தினார். இன்னொரு அதிசயம்: வட அமெரிக்காவில் நரி அணில் என்று ஒரு பெரிய அணில் இனம் உண்டு. அதன் எலும்பெல்லாம் போர்ஃபிரின் தேங்கி இளஞ்சிவப்பு! ஆனால் அதற்கு நோயே கிடையாது, மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருக்கிறது.

சரி, கார்பன் மோனாக்சைடுக்கும் வெளிச்சம் ஆகாத தோலுக்கும் ஆராய்ச்சியில் என்ன முடிச்சு? பச்சைக் குழந்தையின் மஞ்சள் காமாலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். "பிள்ளை மஞ்சளா இருக்கு, இளவெயில்ல காட்டு" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்கள் அல்லவா? 1950-களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் சிஸ்டர் வார்டு என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்துக்கு எடுத்துப்போவது வழக்கம். வெயில் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் வெளுத்திருப்பதை அவர்தான் மருத்துவர்களுக்குக் காட்டினார். அதே மருத்துவமனையில் ஜன்னலோரம் வெயிலில் மறந்து வைத்த ரத்தக் குழாயில் பிலிருபின் அளவு குறைந்திருந்தது. 1958-ல் கிரெமர் குழுவினர் இதை ஆய்வாக வெளியிட, இன்று எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை வரை எல்லா இடத்திலும் எரிகிற நீல விளக்கு பிறந்தது. (மஞ்சள் அதிகமானால் வெயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனை விளக்குதான் சரி.) பிலிருபின் ஒன்று பிறந்தால் கார்பன் மோனாக்சைடும் ஒன்று பிறந்திருக்கும் என்று பார்த்தோமே? அதனால்தான் குழந்தையின் மூச்சில் அந்த வாயுவை அளந்தே ரத்தம் எவ்வளவு வேகமாக உடைகிறது என்று சொல்லிவிட முடிகிறது!

நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் அட்டல்லா கப்பாஸுக்கு வேறொரு யோசனை. ஹீமை வெட்டுகிற அந்த நொதியையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தால் மஞ்சளே வராதே! இரும்புக்குப் பதில் வெள்ளீயம் வைத்த வளையத்தை 1980-களில் உருவாக்கினார்கள். நொதி அதைக் கவ்விக்கொண்டு அப்படியே மாட்டிக்கொண்டது. பிலிருபினும் குறைந்தது, கார்பன் மோனாக்சைடும் குறைந்தது. பிறகு நடந்த சோதனைகளில், அந்த மருந்தும் நீல விளக்கும் ஒருசேரக் கிடைத்த குழந்தைகள் சிலருக்குத் தோல் சிவந்தது! ஏன் தெரியுமா? இரும்பில்லாத வளையம் வெளிச்சத்தைப் பிடிக்கும். வெள்ளீய வளையமும் அப்படித்தான் பிடித்தது. இன்னும் பயங்கரமான ஒன்று: குந்தர் வகைப் போர்ஃபிரியா இருப்பது தெரியாமல், மஞ்சளுக்காக நீல விளக்கின் கீழ் படுக்கவைத்த சில சிசுக்களுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. மருத்துவ இதழ்களில் அந்த வரலாறுகள் பதிவாகியிருக்கின்றன. படித்தபோது மனசு கனத்துப்போனது.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது! 1989-ல் ஸ்விட்சர்லாந்தில் கீஸ், டிரெல் இருவரும் மனிதத் தோல் செல்கள்மேல் புற ஊதா ஏ கதிரைப் பாய்ச்சினார்கள். செல்கள் அவசர அவசரமாக ஒரு புரதத்தைக் குவித்தன. என்னவென்று பார்த்தால் ஹீம் ஆக்சிஜனேஸ்! அதாவது வெயில் பட்டதும் தோல் தானாகவே கார்பன் மோனாக்சைடு தயாரிக்கும் ஆலையைத் திறக்கிறது! எதற்காக? சிட்னி பல்கலைக்கழகத்தில் விவியன் ரீவ் குழு விடை தேடியது. புற ஊதா பி கதிர் பட்டால் தோலின் எதிர்ப்புச் சக்தி மழுங்கிவிடும். கார்பன் மோனாக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் மருந்தை எலிகளின் தோலில் பூசியபோது அந்த மழுங்கல் தடுக்கப்பட்டதாக 2005-ல் எழுதினார்கள். வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்புப் படரும் லூபஸ் நோயிலும் இதே தேடல் நடக்கிறது. சிலியின் சான்டியாகோவில், லூபஸ் வரும் எலிகளை அளந்த கார்பன் மோனாக்சைடில் மூச்சுவிடச் செய்தபோது அவற்றின் நிலைமை தேறியது என்று 2013-ல் முடிவு வெளியானது. எல்லாம் எலிகளில், எல்லாம் அளந்து கொடுத்த துளி அளவில். இன்னும் மனிதருக்கு மருந்தாகவில்லை. ஆனாலும் கொல்லுகிற வாயு என்று நாம் ஒதுக்கிவைத்த ஒன்றை நம் தோலே காவலுக்குக் கூப்பிடுகிறது என்றால் பிரமிப்பாக இல்லையா?

கார்பன் மோனாக்சைடுக்கும் வெளிச்சத்துக்கும் இருக்கிற உறவு நூற்றாண்டு தாண்டியது! இந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு இறுக்கமான பிடி, வெளிச்சம் பட்டால் கழன்றுவிடுகிறது! ஜான் ஸ்காட் ஹால்டேனும் லொரைன் ஸ்மித்தும் 1896-ல் கண்டது இது. சுரங்கத்தில் விஷவாயுவை முன்கூட்டிக் காட்ட கானரிக் குருவியைக் கொண்டுபோகச் சொன்னவரும் இந்த ஹால்டேன்தான். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை அந்தக் குருவிகள் இருந்தன. அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கே வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் வெளிச்சத்தால் நடக்கும் அந்தக் கழற்றலை வைத்தே ஒரு துப்பறியும் வேலை பார்த்தார். ஈஸ்ட்டுக்குக் கார்பன் மோனாக்சைடு கொடுத்தால் இருட்டில் அது மூச்சு நிறுத்தும். விளக்கைப் போட்டால் திரும்ப மூச்சுவிடும்! எந்த நிற வெளிச்சத்துக்கு அதிகம் மூச்சு திரும்புகிறது என்று நிறம் நிறமாக அளந்தார். கிடைத்த வரைபடம் ஹீமின் வரைபடத்தை ஒத்திருந்தது. உயிர்களின் மூச்சுக்கு அடிப்படையான நொதியிலும் ஹீம் வளையம்தான் இருக்கிறது என்று அந்த நொதியைப் பிரித்தெடுக்காமலே சொல்லிவிட்டார். 1931-ல் நோபல் பரிசு! பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2019-ல் எலியின் ரத்தத்தை உடம்புக்கு வெளியே ஓடவிட்டு, அதன்மேல் ஒளி பாய்ச்சி விஷவாயுவைக் கழற்றிக் காட்டியிருக்கிறார்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கிறதா? அதை இந்த வாயு ஏமாற்றிவிடும், தெரியுமா? அந்தக் கருவி விரலுக்குள் சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு வெளிச்சத்தை அனுப்பி ரத்தத்தின் நிறத்தைப் படிக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் நல்ல சிவப்பாகவே இருப்பதால், ஆள் மயங்கிச் சாய்கிறபோதும் 98 என்று காட்டலாம்! கேஸ் கசிந்தால் நாற்றம் வருகிறதே என்பீர்கள். அது சமையல் கேஸில் வேண்டுமென்றே சேர்க்கிற எத்தில் மெர்காப்டானின் நாற்றம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர், புயலில் கரண்ட் போனதும் வராந்தாவில் ஓடும் ஜெனரேட்டர், ஏசி போட்டுக் கதவடைத்து நிறுத்திய காரில் தூக்கம்: இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே வெளியே ஓடுங்கள். போகிக்கு டயர் கொளுத்துவதையும் சேர்த்தே சொல்கிறேன். 2018 போகியன்று புகை மூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிச் சேப்பாக்கத்தில் இறங்கினால் மாநிலக் கல்லூரி. அங்கே வேதியியல் படித்த கோவிந்தராஜன் பத்மநாபனை உங்களுக்குத் தெரியுமா? 1938-ல் சென்னையில் பிறந்தவர், பிற்பாடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். ஹீம் ஆராய்ச்சியில் உலகம் மதிக்கிற பெயர். மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அவ்வளவு ஹீம் மடியில் கொட்டிக் கிடந்தும், அது தனக்கென்று ஹீமைத் தானே தயாரிக்கிறது என்று 1992-ல் அவர் குழு கண்டுபிடித்தது! அதற்கு வேண்டிய நொதியை நம் சிவப்பணுவிலிருந்தே திருடிக்கொள்கிறது என்றும் பிறகு காட்டியது.

கதை அங்கே நிற்கவில்லை. 2007-ல் லிஸ்பனில், மூளை மலேரியாவை வரவழைக்கும் ஒட்டுண்ணி ஏற்றிய எலிகளுக்குக் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு கொடுத்தபோது அவை பிழைத்தன. உடைந்த ரத்தத்திலிருந்து ஹீம் கட்டவிழ்ந்து மூளையைச் சேதப்படுத்துவதை அந்த வாயு தடுத்தது. 2022-ல் புவனேஸ்வர் உயிர் அறிவியல் நிறுவனத்தில் விஸ்வநாதன் அருண் நாகராஜ் குழு, ஒட்டுண்ணி தயாரிக்கும் ஹீமும் மூளை மலேரியாவைத் தூண்டுகிறது என்று காட்டியது. எலிகளை எதைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள்? கிரிசியோஃபுல்வின்! ஆமாம், படர்தாமரைக்குத் தோல் டாக்டர் எழுதிக்கொடுக்கும் அதே பழைய மாத்திரை! அது ஃபெரோகெலடேஸைத் தடுக்கும், இரும்பு வளையத்தில் ஏறாது. அதே காரணத்தால்தான் போர்ஃபிரியா உள்ளவர்கள் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினோ, புறங்கையில் கொப்புளம் வரும் போர்ஃபிரியாவுக்கு வாரம் இரண்டு சிறு மாத்திரையாக வைத்தியமாகிறது. உலகத்தில் அதிகம் காணப்படும் போர்ஃபிரியா அதுதான். குடி, கல்லீரல் அழற்சி சி, இரும்பு மிகுதி, புகைபிடிப்பது எல்லாம் அதைத் தூண்டும். சிகரெட் இழுப்பவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடும் பல மடங்கு ஏறுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறவியில் இல்லாதவர்களுக்கும் போர்ஃபிரியாவை மனிதர் கையால் வரவழைத்ததுண்டு! 1955 தொடங்கித் துருக்கியின் தென்கிழக்கில், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஹெக்சாகுளோரோபென்சீன் தடவிய விதைக் கோதுமையைப் பஞ்சத்தில் ரொட்டியாகச் சுட்டுத் தின்றார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வெயில் பட்ட தோல் கொப்பளித்தது, முகத்தில் ரோமம் மண்டியது. தாய்ப்பாலில் அந்த விஷம் இறங்கி எத்தனையோ சிசுக்கள் மாண்டன. நெல்லிலோ உளுந்திலோ மருந்து கலந்த விதையைச் சமையலுக்கு எடுக்காதீர்கள் என்று விவசாய அலுவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வீண் பேச்சல்ல.

மாலையில் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கடலும் கார்பன் மோனாக்சைடு விடுகிறது, தெரியுமா? தண்ணீரில் கரைந்திருக்கும் மட்கிய பொருள்கள்மேல் வெயில் பட்டால் இந்த வாயு உண்டாகிக் காற்றில் கலக்கிறது. பகலில் ஏறும், இரவில் நுண்ணுயிர்கள் தின்று குறைத்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை, அத்தனை சொற்பம்!

கடைசியாக, பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு. வெயிலில் போன சில நிமிடத்தில் கை, முகம் எரிகிறது என்று பிள்ளை திரும்பத் திரும்ப அழுதால், தோலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நம்புங்கள். தோல் மருத்துவரிடம் போய்ப் போர்ஃபிரின் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் செய்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள். புரோட்டோபோர்ஃபிரின் தண்ணீரில் கரையாது, அதனால் சிறுநீரில் வராது. ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். எடுத்த ரத்தக் குழாயை வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றித்தான் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வெளிச்சம் பட்டால் குழாய்க்குள்ளேயே போர்ஃபிரின் சிதைந்து, அளவு குறைவாகக் காட்டிவிடும்.